இருநூற்று ஐம்பத்தாறு எழுத்துகள்

ஏற்காட்டில் நான் இருந்த ஒரு வருடத்தில் நாள் தவறாமல் என்னோடு பேசியவர் ஒருவர்தான், எனக்குச் சோறு போட்ட அம்மா. கம்பைலரையும் சேர்த்தால் இரண்டு. நான் எழுதும் நிரலைப் படித்துவிட்டு எத்தனையாவது வரியில் தப்பு என்று சொல்லும் மென்பொருள் அது. அது பேசியதெல்லாம் திட்டுதான். ஆனாலும் மழை விடாமல் பெய்யும் நாட்களில், திட்டுவதற்காவது ஒன்று இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு சேலத்தில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்திருந்தேன். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் பெட்டி கட்டினார்கள். நான் மூன்று இன்டர்வியூக்களில் மூக்குடைபட்டு வீட்டோடு உட்கார்ந்தேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில்தான் ஏற்காட்டில் ஒரு மாதா கோயிலுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்று சேதி வந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ அந்தக் கோயில் ஃபாதருக்கு ஒரு கம்ப்யூட்டரை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். அது ஆறு மாதமாகப் படுக்கை விரிப்பு போர்த்திக்கொண்டு அலுவலக மூலையில் கிடந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று பழைய பதிவேடுகளை எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். ஒரு வருட வேலை. வேறு யாரும் வரச் சம்மதிக்காததால் எனக்குக் கிடைத்தது.

அடிவாரத்தில் பஸ் ஏறி, வளைவு வளைவாகச் சுற்றி மேலே வந்து இறங்கியதும் எல்லோரும் ஆகா, குளிருகிறது என்று சந்தோஷப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போகிறவர்களுக்கு அந்தக் குளிர் நன்றாகத்தான் இருக்கும். தங்குகிறவனுக்கு அது வேறு. ஜூன் மாதம் நனைந்த என் போர்வை நவம்பர் வரை முழுதாகக் காயவில்லை. நாலு மணிக்கெல்லாம் மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றுகொள்ளும். அப்புறம் எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. பதிவுகளைச் சேமிக்கும் பிளாப்பி டிஸ்க்குகளில் பூஞ்சை பிடித்தது. அவற்றைத் தகர டப்பாவில் அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னதும் அந்த அம்மாதான். டப்பாவையும் அரிசியையும் அவரே கொடுத்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். இளவயதில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர். கணவர் போன பிறகு கோயிலுக்குக் கீழே ஓர் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்து, ஃபாதருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். ஃபாதரின் சாப்பாட்டு மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஆனால் ஃபாதர் சாப்பிடும்போது ரேடியோ கேட்பார். அவர் நல்ல மனிதர், ரேடியோதான் அவருக்குப் பேச்சுத்துணை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் வீட்டுக்கே போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏனுங்க, ஆபீஸ்காரரு இப்பிடித் தரையில குந்தறீங்களே” என்று பதறினார். ஒரு வாரத்தில் நான் ‘கண்ணு’ ஆகிவிட்டேன். அந்த வருடம் முழுவதும் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. அதற்கு முன்னாலும் அவ்வளவாகக் கிடையாது.

அவருக்கு ஒரே மகன். நான்கு வருடங்களுக்கு முன்பு திருச்செங்கோட்டுப் பக்கத்துப் போர்வெல் லாரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனவன். முதல் வருடம் இரண்டு கடிதம் போட்டான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. லாரி முதலாளியைத் தேடிப் போய்க் கேட்டதற்கு, மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஓர் ஊரில் இறங்கி, கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விட்டான் என்று பதில் வந்தது.

“எறங்கிப் போயிட்டானுங்களாமா. எந்த ஊருன்னு அவுங்களுக்கே பேரு வாயில நொழையலையாம்” என்று அம்மா சொன்னார். சோறு போடும்போது தினமும் அவன் பேச்சு வரும். இந்நேரம் அவன் என்ன தின்கிறானோ என்பார். அப்புறம் என்னைப் பார்த்து, “நீ ஊட்டுக்குக் கடுதாசி போட்டியா கண்ணு?” என்பார். போட்டேன் என்று பொய் சொல்வேன்.

இனி சி மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த மொழியில் எண்ணுக்கு இடம் உண்டு, ஒற்றை எழுத்துக்கு இடம் உண்டு. ஒரு மனிதனின் பெயரை வைக்க மட்டும் தனியாக ஏற்பாடு கிடையாது. எழுத்துகளை வரிசையாக அடுக்க வேண்டியதுதான். எத்தனை எழுத்துக்கு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே நாம் சொல்ல வேண்டும். வரிசையின் கடைசியில் ஒரு சைபர் வைக்க வேண்டும். பெயர் இங்கே முடிந்தது என்று மெஷினுக்குச் சொல்வது அந்தச் சைபர் மட்டும்தான். அது இல்லாவிட்டால் மெஷின் நிற்காது. பக்கத்து இடத்தில் இருப்பதையும் சேர்த்து வாசித்துக்கொண்டே போகும். எஸ்டேட் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே கூரை, நடுவில் சுவர். சுவர் இல்லாவிட்டால் யார் வீடு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்?

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். நான் கிறிஸ்தவன் அல்ல, எனக்கு இதெல்லாம் புதிது. அன்றைக்குக் கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கல்லறைத் தோட்டத்திலேயே பூசை நடக்கும். அந்தப் பூசையில் ஒவ்வொரு குடும்பத்திலும் இறந்தவர்களின் பெயர்களை எல்லாம் சத்தமாக வாசிப்பார்கள். அதற்காக அக்டோபரிலேயே குடும்பத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சீட்டின் மேல்பாதியில் இறந்தவர்கள். கீழ்ப்பாதியில் யாருடைய நலத்துக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமோ அந்த உயிரோடிருப்பவர்கள். அந்தக் கீழ்ப்பாதியை வருடக் கடைசிப் பூசையில்தான் வாசிப்பார்கள்.

இந்த வருடம் கம்ப்யூட்டரில் அச்சடித்த பட்டியலை வாசிக்க வேண்டும் என்று ஃபாதருக்கு ஆசை. எனக்கு அதைவிட ஆசை. அதற்காக ஒரு நிரல் எழுதினேன். போன வருடத்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்து நீளம் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீளமானது அம்மாவுடையது. ஆங்கில எழுத்தில் அடித்தால் இருநூறைக் கொஞ்சம் தாண்டியது. சரி, தாராளமாகவே இருக்கட்டும் என்று ஒவ்வொரு குடும்பத்தின் இறந்தவர்களுக்கும் இருநூற்று ஐம்பத்தாறு எழுத்து ஒதுக்கினேன். அதை ஒட்டினாற்போல் அடுத்த இடத்தை உயிரோடிருப்பவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் ஒரு வீட்டில் எத்தனை பேர் செத்துவிடப் போகிறார்கள் என்று என் கணக்கு. இப்போது நினைத்தால் அன்றைக்கு நானாக இருந்த அந்தப் பையனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அம்மாவின் சீட்டு ஏன் அவ்வளவு நீளம் என்று நான் கேட்கவே இல்லை. அவர் குடும்பம் சின்னது. அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டு எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் செத்துப்போனவர்களை யாராவது தங்கள் சீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். எஸ்டேட் வேலைக்கு எங்கிருந்தோ வந்து, கல்யாணம் காட்சி இல்லாமல், லைன் வீட்டிலேயே கண்ணை மூடியவர்கள் நிறைய. அப்படிப்பட்டவர்களை எல்லாம் அம்மா தன் சீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று பேர். கடைசியாகச் சேர்ந்தவர், அம்மா பழம் பறித்த எஸ்டேட்டில் காவல்காரராக இருந்த ஒரு கிழவர்.

“பேரச் சொல்ல ஒருத்தரும் இல்லாம போகக் கூடாதில்லீங்களா” என்று சீட்டைக் கொடுக்கும்போது சொன்னார். கீழ்ப்பாதியில் வழக்கம்போல ஒரே ஒரு பெயர் இருந்தது. மகனுடைய பெயர். நான் அத்தனையையும் அடித்து முடித்தேன்.

கல்லறைத் திருநாளன்று காலையில் மழை இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வேறொரு ஃபாதர் பூசை வைக்க வந்திருந்தார். எங்கள் ஃபாதர் வருடாந்தரத் தியானத்துக்காக முந்தின நாளே மலையிறங்கிவிட்டார். வருவதற்குப் பத்து நாள் ஆகும். பெயர்களை வாசித்தவர் உபதேசியார். கோயில் காரியங்களை எல்லாம் கூட இருந்து கவனித்துக்கொள்பவர், நல்ல கனத்த குரல். மடிப்பு மடிப்பாக நீண்டு தொங்கும் என் பட்டியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கல்லறைத் தோட்டத்து வாசல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொம்பு முளைத்திருந்தது. என் அச்சு, என் எழுத்து, இத்தனை பேர் மௌனமாகக் கேட்கிறார்கள்.

அம்மாவின் குடும்பம் வந்தது. கணவர், மாமனார், மாமியார், பிறகு அந்த ஆளற்றவர்கள் ஒவ்வொருவராக. கடைசியில் காவல்காரர். அதோடு அடுத்த குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உபதேசியார் கண்ணைச் சுருக்கி ஒரு நொடி பார்த்துவிட்டு, அதே குரலில் இன்னொரு பெயரையும் வாசித்தார். மகனுடைய பெயர்.

அம்மா அழவில்லை. உபதேசியாரைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தார். கணவரின் கல்லறை மேல் வரிசையாக வத்தி ஏற்றி வைத்திருந்தார். பையைத் துழாவி இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்து, எரிகிற ஒன்றில் பற்றவைத்து, அந்த வரிசையின் ஓரத்தில் ஒட்டினார். அது இரண்டு தடவை சாய்ந்து விழுந்தது. மூன்றாம் தடவை நின்றது.

நான் நேரே அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலின் நகலைப் பிரித்தேன். காவல்காரரின் பெயரில் கடைசி எழுத்தைக் காணோம். அந்த இடத்தில் மகனின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்து வந்ததால் உபதேசியார் புத்திசாலித்தனமாக இரண்டாகப் பிரித்து வாசித்திருக்கிறார். நிரலைத் திறந்து பார்த்தேன். எழுத்துகளை நகலெடுக்க ஒரு கட்டளை உண்டு. இத்தனை எழுத்துக்கு மேல் எடுக்காதே என்று எல்லை சொல்லிவிட்டால் அதைத் தாண்டாது. பத்திரமானது என்று நம்பித்தான் அதைப் போட்டிருந்தேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வருகிற எழுத்து எல்லை முழுவதையும் அடைத்துவிட்டால், கடைசிச் சைபரைப் போடாமலேயே அது வேலையை முடித்துக்கொள்ளும். இருநூற்று ஐம்பத்தாறும் நிரம்பிவிட்டது. முடிந்தது என்று சொல்ல யாரும் இல்லை. மெஷின் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய், அங்கே தனியாக உட்கார்ந்திருந்த பெயரையும் வாசித்துவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன், ஆனால் சாயங்காலம்தான் போனேன். அதற்குள் வீடு நிறைய ஆட்கள். அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தது. யாரோ எனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நம்பிக்கொண்டிருந்தார்கள். சேதி தெரிந்து அம்மாதான் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். உபதேசியாரும் அப்படித்தான். அம்மாவோ, ஃபாதருக்கு எங்கிருந்தோ கடிதம் வந்திருக்க வேண்டும், நேரில் சொல்ல மனம் வராமல் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. துக்க வீட்டில் அதையா கேட்பார்கள்?

“கம்ப்யூட்டர்லயே வந்துபோச்சுங்களே, அப்பறம் என்னங்க” என்றார் ஒரு பெரியவர்.

என் வாய் நிறையச் சோறு இருந்தது. அதை விழுங்கினேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ காரணங்கள் கண்டுபிடித்தேன். வேலை போய்விடும், ஃபாதர் வரட்டும், கூட்டம் கலையட்டும். எல்லாம் சால்ஜாப்பு. சொல்லிவிட்டால் அந்த அம்மா என்னை இனி வீட்டுக்குள் சேர்க்க மாட்டார் என்று பயந்தேன். அந்த மலையில் எனக்கு இருந்தது அந்த அடுப்பங்கரை ஒன்றுதான். அதை இழக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு தாயின் மகனைக் கொன்றுவிட்டு, அவள் வீட்டுச் சோற்றுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு புதுச் சாக்கு கிடைத்தது. முதலில் நிரலைச் சரிசெய்துவிடலாம், அப்புறம் சொல்லலாம். மனிதர்களிடம் பேசுவதைவிட அது எவ்வளவோ சுலபம். இவ்வளவு எழுத்துதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற முறையையே தூக்கி எறிந்தேன். சி மொழியில் மாலக் என்று ஒன்று இருக்கிறது. தேவைப்படும்போது தேவைப்படுகிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது போதவில்லை என்றால் ரீஆலக். இருக்கிற இடத்தைப் பெரிதாக்கித் தா என்று கேட்கலாம். பக்கத்தில் காலியாக இருந்தால் அங்கேயே நீட்டித் தரும். இல்லாவிட்டால் வேறெங்கோ பெரிய இடம் பார்த்து, இருந்த எழுத்துகளை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, புது விலாசத்தை நம்மிடம் கொடுக்கும். பழைய விலாசத்தை அத்தோடு மறந்துவிட வேண்டும். நான் மறக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் காலி செய்த இடத்திலேயே பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், சில சமயம் அப்படியும் நிரல் ஓடும். ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று மூன்று குடும்பம் தள்ளி எங்கோ போய் விழும்.

நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு தடவை இடம் கேட்டால் வேலை இழுத்தது. அதனால் நிரம்பும்போதெல்லாம் இருக்கிற அளவுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும்படி மாற்றினேன். எழுத்துகளின் எண்ணிக்கையோடு எப்போதும் ஒன்று கூட்டிக் கேட்டேன். அந்த ஒன்று கடைசிச் சைபருக்கு. ஆறாம் நாள் எல்லாம் சரியாக ஓடியது. எத்தனை பெயர் கொடுத்தாலும் பட்டியல் தானாக வளர்ந்தது. இன்றைக்கும் என் வேலையில் நான் அதைவிடச் சுத்தமாக எதையும் எழுதியதாக நினைவில்லை. காட்டுவதற்கு ஒருவரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனிதான் இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா கேட்டார்.

“ஏங் கண்ணு, மெசின்ல தேதி ஏதாச்சும் போட்டிருந்துச்சா? எந்த ஊருன்னு? நாளு தெரிஞ்சா வருசாவருசம் அன்னைக்கொரு பூசை வெக்கலாம்.”

“தெரியலீங்கம்மா” என்றேன்.

“பரவாயில்ல, ஃபாதரு வந்து சொல்லுவாரு” என்று எனக்கு இன்னொரு கரண்டி சாமைச் சோறு போட்டார். அவர் முகம் முன்னைவிடக் கொஞ்சம் தெளிந்திருந்ததை அப்போது பார்த்தேன். அழுது ஓய்ந்த தெளிவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்மா அலுவலகத்துக்கே வந்தார். கையில் ஒரு புதுச் சீட்டு. பள்ளிக்கூடப் பிள்ளை யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருக்கிறார், கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்து. மேல்பாதியில் பழைய பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியில் மகனின் பெயர். கீழ்ப்பாதி காலி.

“ஃபாதரு நாளைக்கு வந்துருவாருல்ல. அதுக்குள்ளார மெசின்ல மாத்திரு சாமி. அவம் பேரு இன்னும் உசுரோட இருக்கறவங்க பக்கமே இருந்தா நல்லாவா இருக்கும்?”

சீட்டை வாங்கினேன். அதை அடிக்க என் நிரலில் இப்போது எல்லா வசதியும் இருந்தது. எத்தனை எழுத்தானாலும் இடம் உண்டு. ஒரு பெயரும் வெட்டுப்படாது, பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளாது. முதல் தடவை அவனை அங்கே கொண்டுபோய் வைத்தது என் கவனக்குறைவு. இப்போது என் விரலால், ஒவ்வொரு எழுத்தாக, தெரிந்தே வைக்க வேண்டும். என்னால் முடியவில்லை. நல்ல புத்தி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். விரல் நகரவில்லை, அவ்வளவுதான்.

அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அன்றைய பட்டியலின் நகலை எடுத்து மேஜையில் விரித்தேன். காவல்காரரின் பெயரைப் பென்சிலால் சுழித்தேன். கடைசி எழுத்து இல்லாததைக் காட்டினேன். இடம் பற்றாமல் போய்விட்டது, சைபர் விழவில்லை, அதனால் மெஷின் பக்கத்து இடத்தில் இருந்ததையும் சேர்த்து வாசித்துவிட்டது என்று ஏதேதோ சொன்னேன். பாடம் நடத்துவதுபோல நீட்டி முழக்கினேன். அம்மா பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இங்கிலீசு தெரியாது கண்ணு. என்னன்னு வாயால சொல்லு.”

“உங்க மகன் செத்துட்டான்னு யாரும் சொல்லலீங்கம்மா” என்றேன். “கடுதாசி ஒண்ணும் வரல. ஃபாதருக்கு எதுவும் தெரியாது. நாந்தான் தப்பா அடிச்சுட்டேன்.”

அவர் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“அப்ப இருக்கறானா?”

“தெரியலீங்கம்மா.”

“மெசினு சொல்லாதா?”

“அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. நாம அடிச்சதத்தான் அது சொல்லும்.”

கை மேஜையை விட்டது. அந்த வெளிச்சம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. வெளியே எஸ்டேட் ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு மேடு ஏறியது.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கு மத்தியானமே தெரியுமுங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு, எனக்கென்று இல்லாமல் பேசினார்.

“நாலு வருசமா நான் கதவுக்குத் தாழ்ப்பாப் போட்டுப் படுத்ததில்ல. அவன் எந்நேரத்துக்கு வருவானோ, தட்டறது காதுல உழாமப் போயிருமோன்னு. நாய் கொலைச்சா எந்திரிச்சு உக்காருவேன். இந்த ஒம்பது நாளாத்தான் தாழ்ப்பாப் போட்டேன். நொம்ப நல்லாத் தூங்குனேன் கண்ணு. புள்ள செத்துட்டான்னு தெரிஞ்சும் எப்பிடித் தூக்கம் வருதுன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். மேல்பாதியில் கடைசிப் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே பழைய இடத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். தலையை ஆட்டிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிடப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆறு மணிக்கு உபதேசியாரின் மனைவி வந்து, “தட்டு வெச்சுட்டு அந்தக்கா ஒக்காந்திருக்குதுங்க தம்பி, வரலீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். போனேன். சோறும் கீரையும் இருந்தது. அம்மா எப்போதும்போலப் போட்டார், எப்போதும்போல இன்னும் கொஞ்சம் என்றார். அந்தச் சேதியை ஊருக்கு யார் எப்படிச் சொல்வது என்றுகூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என்னை அவர் வெளியே தள்ளவில்லை. ஒன்பது நாளாக நான் பயந்த அந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை.

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். மழை தொடங்கியிருந்தது. காற்று சாரலை நேரே வீட்டுக்குள் அடித்தது. அடுப்பு அணைந்துவிடுமே என்று திரும்பிக் கதவை இழுத்துச் சாத்தப்போனேன்.

“சாத்த வேண்டாங் கண்ணு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “அப்பிடியே உடு.”

கதவை விட்டுவிட்டு மேட்டில் ஏறினேன்.